மூன்றாவது குடத்துக்குப் பிறகு

தேதி எழுதி வைப்பது என் பழக்கம். மகளுக்கு முதல் பல் தெரிந்த நாள், வாசல் வேம்பு பூத்த நாள், பால் வராத நாள் எல்லாம் என் டைரிகளில் இருக்கின்றன. ஆனாலும் இங்கே ஒரு வருஷத்தை மட்டும் எழுதப் போவதில்லை. எழுபதுகளின் பிற்பகுதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதில் சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்றும் அதே ஊரில் பயிர் வைக்கிறார்கள். ஆகவே பெயர்களும் இல்லை. மாதத்தையும் நாளையும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஐப்பசி இருபத்தேழு, வியாழக்கிழமை.

அப்போது நான் திருவண்ணாமலை டவுனில் ஓர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. ஆபீஸ் வளாகத்தில் ஒரு மழைமானி இருந்தது. தினமும் காலை எட்டரை மணிக்கு அதைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவு ஜாடியில் ஊற்றிப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மழைக்காலமானால் வேலூருக்குத் தந்தியும் கொடுக்க வேண்டும். மற்ற குமாஸ்தாக்கள் தலைவலி என்று ஒதுக்கிய அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் கைக்கு வந்த பிறகு அந்த வியாழக்கிழமை வரை ஒரு நாள் விட்டதில்லை.

டவுனில் வீடு அமையவில்லை. மலைக்கு மேற்கே, கிரிவலப் பாதையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்த ஒரு கிராமத்தில் குடியிருந்தேன். மனைவியும் எட்டு மாதப் பெண் குழந்தையும். பௌர்ணமியன்று பாதையில் ஆள் நடமாட்டம் இருக்கும், மற்ற நாளில் மாட்டு வண்டிதான். ஊருக்குக் கிழக்கே, மலைப் பக்கமாக, ஊரைவிட உயரத்தில், ஏரி. மலையில் விழும் மழையில் ஒரு பங்கு அந்த ஏரிக்குத்தான் வரும். கரையில் நின்று பார்த்தால் வலது கைப் பக்கம் தண்ணீர், இடது கைப் பக்கம் பள்ளத்தில் கூரைகள். முதல் தடவை இரண்டையும் ஒருசேரப் பார்த்தபோது நான் உடனே கரையை விட்டு இறங்கிவிட்டேன். ஊர்க்காரர்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

கரையின் வடகோடியில், கரைக்குக் கீழே, ஒரு வீடு தனியாக இருந்தது. ஒரு கிணறு, இரண்டு உழவு மாடு, ஒரு கறவை, கொஞ்சம் நிலம். எங்கள் பக்கத்தில் நிலத்தைக் கொல்லை என்போம். அதனால் அவரை ஊரில் கோடிக் கொல்லைக்காரர் என்று சொல்வார்கள். ஐம்பது வயதிருக்கும், உயரம், ஒல்லி. ஒரே மகளைச் செங்கம் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார். அண்ணன் தம்பி கிடையாது. எங்கள் குழந்தைக்குப் பால் கொண்டுவந்து ஊற்றியது அவர் வீட்டம்மாதான். நான் அக்கா என்பேன். அந்த அம்மா என்னைத் தம்பி என்று கூப்பிடும்.

அந்த வருஷம் ஆடியில் ஊர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். பகலில் கிடா வெட்டு. நான் அதற்கு முன் அதை அருகில் நின்று பார்த்ததில்லை. ஆட்டை அம்மன் முன்னால் நிறுத்தி, வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரை ஒரு குடம் அதன் தலையில் ஊற்றினார்கள். மேளம் நின்றது. அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு ஆட்டையே பார்த்தார்கள். என் பக்கத்தில் கோடிக் கொல்லைக்காரர் நின்றிருந்தார்.

"எதுக்கு நிக்கறாங்க?" என்றேன்.

"உத்தரவு கேக்கறாங்க சார். ஒடம்ப ஒதறிச்சின்னா சம்மதம்னு அர்த்தம்."

"ஒதறலன்னா?"

"இன்னொரு கொடம். மூணு கொடத்துக்கும் ஒதறலன்னா அவுத்து வுட்டுடணும். அதான் மொறை."

"அப்படி எப்பவாச்சும் அவுத்து விட்டிருக்காங்களா?"

"எனக்குத் தெரிஞ்சி இல்ல." அவர் ஆட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாலாவது கொடம் ஊத்துவாங்க."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"தண்ணி ஊத்தினா எந்த ஆடு சார் ஒதறாது? கேக்காம வெட்டினா மனசு ஒப்பல, அவ்ளோதான்."

"சாமி முன்னாடி நின்னுக்கினு வாயப் பாரு" என்று அந்த அம்மா பின்னாலிருந்து அவர் முதுகில் இடித்தது. அந்த நேரத்தில் ஆடு காதிலிருந்து வால் வரைக்கும் ஒரு முறை உடம்பைச் சிலிர்த்து உதறியது. மேளம் எழுந்தது. அன்றைய டைரியில் இந்தப் பேச்சு அப்படியே இருக்கிறது. வேடிக்கையான மனிதர் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் போட்டிருக்கிறேன்.

ஐப்பசி இருபத்துமூன்றாம் தேதி மழை பிடித்தது. மறுநாள் மலை மறைந்துவிட்டது. உச்சி மட்டும் மேகத்துக்குள் போவது எப்போதும் நடப்பது. அன்று அடிவாரம் வரைக்கும் வெள்ளையாக இருந்தது, அங்கே மலை என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இல்லை. இருபத்தாறாம் தேதி நான் சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் ஊருக்குள் வர முடிந்தது. அன்று சாயங்காலமே ஏரியைப் பார்க்க என் ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து, ஊர் நிர்வாகம் பார்த்த மணியக்காரர் வீட்டில் தங்கினார். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேற வைத்த கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் வருகிற தண்ணீருக்கு அது போதவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஊருக்கும் டவுனுக்கும் நடுவே உள்ள ஓடை இடுப்புக்கு மேல் ஓடியது. எட்டரை மணிக்கு நான் வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டவுனில் மழைமானி என்னை எதிர்பார்த்து நிரம்பி வழிந்திருக்கும். அந்த மாதப் பதிவேட்டில் அந்த ஒரு கட்டம் மட்டும் இன்றும் காலியாக இருக்கும். மறுநாள் யாரிடமாவது கேட்டு ஒரு குத்துமதிப்பான எண்ணைப் போட்டிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. ஒரு கட்டத்தில் பொய் எழுதக் கூசிய அதே கைதான் அன்று இன்னொன்றை எழுதியது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஒன்பது மணிக்குத் தண்டோரா போட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்கு, ஆண்கள் மண்வெட்டியோடு கரைக்கு. ஊரில் மச்சு வைத்த கட்டிடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். அது கரையின் நடுப்பகுதிக்கு நேர் கீழே இருந்தது. கரை அங்கே உடைந்தால் தண்ணீர் முதலில் போகிற இடமும் அதுதான். வேறு போக்கிடம் இல்லை. மனைவியையும் குழந்தையையும் அங்கே கொண்டுபோய் விட்டேன். கோடிக் கொல்லை அம்மா அன்றும் பால் கொண்டு வந்திருந்தது. திரும்பிப் போக வேண்டாம் என்று மணியக்காரர் அதையும் பள்ளிக்கூடத்தில் இருக்கச் சொல்லிவிட்டார்.

"எங்கூட்டுக்காரருகிட்ட சொல்லிடு தம்பி, நான் இங்கதான் கீறேன்னு" என்றது. அப்போதே என் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டுவிட்டது. கரைக்குப் போனதும் நான் அவரிடம் அதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். இதை அழுத்தி எழுதக் காரணம் இருக்கிறது. மனைவி பத்திரமாக இருப்பது அவருக்குத் தெரியும்.

பத்து மணிக்குக் கரையின் நடுவில், ஊர்ப்பக்கச் சரிவில், ஊற்றுக் கண் திறந்தது. முதலில் தெளிந்த தண்ணீர் கசிந்தது. அரை மணியில் அது கலங்கிச் செம்மண் நிறமானது. கலங்கிய தண்ணீர் என்றால் கரைக்குள்ளிருந்து மண் அரித்து வருகிறது என்று அர்த்தம். கோணியில் மண் நிரப்பிப் போடப் போட அது பக்கத்தில் இன்னொரு இடத்தில் வாய் திறந்தது.

அதிகாரியும் மணியக்காரரும் தனியாக நின்று பேசினார்கள். ஏரியின் பாரத்தைக் குறைக்க வேண்டும், கரையை ஒரு கோடியில் வெட்டிவிட வேண்டும். வடகோடியில் வெட்டினால் தண்ணீர் கோடிக் கொல்லை மேல் விழுந்து ஓடைக்குப் போய்விடும். ஊர் தப்பும். தென்கோடியில் ஏன் வெட்டவில்லை, அங்கே மணியக்காரரின் பங்காளிகள் நிலம் இருந்ததுதான் காரணமா என்று பின்னால் சிலர் கேட்டார்கள். நானும் அதைச் சந்தேகித்து, அடுத்த கோடையில் கடப்பாறையோடு போய்க் குத்திப் பார்த்தேன். இரண்டடிக்குக் கீழே பாறை. அன்றைக்கு அங்கே வெட்ட முடிந்திருக்காது. கெட்ட எண்ணத்தோடு யாரும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. இதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

கோடிக் கொல்லைக்காரரைக் கூப்பிட்டார்கள். கோணியை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தவர், அதிகாரியைப் பார்த்ததும் மரியாதைக்கு அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மழை அவர் வெறும் தலையில் விழுந்தது.

மணியக்காரர்தான் பேசினார். "மாமா, வேற வழியில்ல. ஒன் பக்கம் வெட்டணும். ஊரே போயிடும் மாமா. இன்னா சொல்ற?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். திரும்பிக் கீழே தன் கொல்லையைப் பார்த்தார். நெல் பால் பிடித்திருந்தது.

"கவர்மெண்டுல பாத்துச் செய்வாங்க. நான் எழுதறேன்" என்றார் அதிகாரி. "என்னப்பா சொல்றே?"

அவர் பேசவில்லை. மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, நேரமில்ல. ஒரு வார்த்த சொல்லு" என்று மணியக்காரர் மூன்றாவது தடவை கேட்டார். மணியக்காரரின் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார்கள்.

அப்போது கோடிக் கொல்லைக்காரரின் உடம்பு ஒரு தடவை நடுங்கியது. தலையிலிருந்து முழங்கால் வரைக்கும், மேலெல்லாம் சிலிர்த்து ஒரு உதறல். ஒன்றரை மணி நேரமாக நனைந்துகொண்டிருந்த உடம்பு.

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "ஒதறிட்டாருடா! உத்தரவு ஆயிடிச்சி!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். பயத்தில் வருகிற சிரிப்பு அது, நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் சிரித்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். கோணியை மறுபடி தலையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், சரிவில் இறங்கி வீட்டுப் பக்கம் நடந்தார்.

"சம்மதம்னு எழுதிக்குங்க" என்றார் அதிகாரி.

மை கரையும் என்பதால் பென்சிலால் எழுதினேன். ஒருவர் குடை பிடித்தார். மேற்படி நிலத்துக்காரர் ஊர் நன்மையைக் கருதித் தம் முழுச் சம்மதத்தைத் தெரிவித்தார். காலை மணி பத்து ஐம்பது. எழுத்து கோணாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

அவர் மாடுகளை அவிழ்க்கப் போயிருக்கிறார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் உழவு மாடு இரண்டும் கயிறு தொங்க மேட்டில் ஏறி வந்தன. கறவை வரவில்லை.

"ஆள் வந்துட்டாரா?" என்று அதிகாரி கேட்டார்.

"மாடு வந்துடிச்சே சார். ஆளு முன்னாடியே ஏறியிருப்பாரு" என்றான் யாரோ.

நான் கோடி ஓரமாக நின்றிருந்தேன். அங்கிருந்து எனக்கு அவர் தெரிந்தார். கிணற்றுப் பக்கத்தில், கறவையின் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். கறவை வர மறுத்துக் காலை ஊன்றிக்கொண்டிருந்தது. அவர் முகம் கரையைப் பார்த்து இருந்தது. மழைத் திரை இருந்தாலும் ஆள் யார் என்பதில் சந்தேகமில்லை.

வாயைத் திறந்தேன். அந்த நேரம் எனக்குப் பின்னால், நடுக்கரையில், ஒரு வண்டி மண் சரிந்து விழும் சத்தம் கேட்டது. கத்தினார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது சரிவுக்குக் கீழே பள்ளிக்கூடத்து மச்சு தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்று பத்து.

"வெட்டுங்க" என்றார் அதிகாரி.

முதல் மண்வெட்டி விழுந்து ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் போனது. அது ஓர் ஆள் அகலமாயிற்று. வெட்டியவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் ஓடினார்கள். பிறகு வெட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை, ஏரி தானே தனக்கு வழி செய்துகொண்டது. அந்த இரைச்சலில் எந்தக் குரலும் கேட்டிருக்க முடியாது. பார்க்கும்போது கிணறு இருந்த இடம் தெரியவில்லை. அரை மணியில் நடுக்கரையின் ஊற்று தணிந்தது. ஆண்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அந்த அம்மா மடியில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கரை நின்னுதா தம்பி?"

"நின்னுடிச்சிக்கா."

"அவுரு எங்க?"

"மாடு ரெண்டும் கரைமேல இருக்குதுக்கா" என்றேன். அது உண்மைதான்.

மூன்றாம் நாள் ஓடையில், இரண்டு மைல் தள்ளி, முள்வேலியில் அவர் கிடைத்தார். கறவையின் கயிறு கையில் இருந்தது. கறவை இல்லை.

வேலூரிலிருந்து மேலதிகாரி விசாரணைக்கு வந்தார். ஊர் ஒரே வாக்காகச் சொன்னது: ஊருக்காகத் தன்னையே கொடுத்தார், போகச் சொன்னோம், போகவில்லை. பாதிப் பேர் அதை நம்பியே சொன்னார்கள். என் காகிதம் மேஜை மேல் இருந்தது. என்னைக் கேட்டது ஒரே கேள்வி, இது உங்கள் கையெழுத்துதானே? ஆமாம் என்றேன். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் வெட்டிய இடத்தில் மூன்று செங்கல் நட்டு மஞ்சள் பூசிவிட்டார்கள்.

திங்கட்கிழமை மனு நாள். மார்கழி முதல் வாரம் அந்த அம்மா ஆபீசுக்கு வந்தது. என் மேஜைக்கு முன்னால் நின்று, "சார்" என்றது. ஒன்றரை வருஷமாகத் தம்பி என்று கூப்பிட்ட வாய்.

"அந்தக் காகிதத்துல இன்னா எழுதிக்கீது? படிச்சுக் காட்டு."

நகல் ஃபைலில் இருந்தது. படித்தேன்.

"அவரு பேசினா எப்படிப் பேசுவாருன்னு எனக்குத் தெரியும். எந்த வார்த்தையால சொன்னாரு?"

"எல்லாரும் கேட்டாங்கக்கா" என்றேன்.

"எல்லாரும் கேட்டது கெடக்கட்டும். சம்மதிச்சிப் போனாருன்னா, என்னை வாணாம்னு வுட்டுட்டுப் போயிட்டாரு. நான் உசுரோட பள்ளிக்கூடத்துல கீறேன்னு அவருக்குத் தெரியும். சம்மதிக்கலன்னா இவங்க கொன்னுட்டாங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லு சார். எதுவானாலும் தாங்கிக்குவேன். தெரியாம இருக்கறதுதான் முடியல."

பக்கத்து மேஜைக்காரர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "காகிதத்துல இருக்கறதுதான்கா" என்றேன்.

அது நாலு திங்கட்கிழமை வந்தது. ஐந்தாவதற்கு முன் நான் போளூருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டேன். மழைமானியை வேறொருவரிடம் ஒப்படைத்தேன்.

போளூரில் இருந்த வருஷங்களில் இதைப் பற்றி எழுதியிருக்கிற எல்லாவற்றையும் தேடிப் படித்தேன். ஊர் வாழப் பிள்ளையைக் கொடுத்த ராஜாக்கள் கதையை, அணை நிற்க ஆளைப் புதைத்த கதையை, கப்பலின் பாரத்தைக் குறைக்க ஆளைத் தள்ளிய வழக்குகளை. லீவு நாட்களில் சைக்கிளில் போய்ச் செங்கம் பக்கத்து வயல்களில் நிற்கும் பழைய நடுகற்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். வில்லும் வாளும் பிடித்து, ஊருக்காகச் செத்தவர்கள். ஒரு மத்தியானம் அப்படி ஒரு கல் முன்னால் நிற்கும்போது, இதை நட்டவர்கள் எல்லோரும் உயிரோடு இருந்தவர்கள் என்று தோன்றியது. அதற்கப்புறம் கல் பார்க்கப் போவது குறைந்துவிட்டது.

நான் எனக்குள் வைத்துக்கொண்ட நியாயம் இது. ஒருவர் போய் ஊர் பிழைத்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் அவர் மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம்? வெட்டித்தான் இருப்போம். வெட்டியிருக்கவும் வேண்டும். ஆனால் அப்போது அவர் மேலே ஏறிவிட்டாரா என்று யாராவது நின்று பார்த்திருப்பார்கள். நிலத்தைப் பிடுங்குகிறோம் என்ற கூச்சமாவது ஆளைத் தேட வைத்திருக்கும். சம்மதம் என்று எழுதியானதும் தேடும் பொறுப்பு கழன்றுகொண்டது. கொடுத்துவிட்டவரை யார் தேடுவார்கள்? அந்த வார்த்தையை எழுதியது நான். எழுதிய இருபது நிமிஷம் கழித்து, ஆள் அங்கே நிற்கிறார் என்று தெரிந்த ஒரே ஆளும் நான். அவர் மேடேற இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷம் நடுக்கரை நின்றிருக்குமா என்று எனக்குத் தெரியாது. என் மகளை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க நான் தயாராக இல்லை. அவரை வைத்துச் சோதிக்கத் தயாராக இருந்தேன்.

எண்பதுகளில் மறுபடி திருவண்ணாமலைக்கே போட்டார்கள். இந்தத் தடவை டவுனில் வீடு. சம்பவத்துக்கு ஏழாவது வருஷம், ஐப்பசி இருபத்தேழாம் தேதி, ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அந்த ஊருக்குப் போனேன். மணியக்காரர் பதவியே ஒழிக்கப்பட்டிருந்தது, ஆனாலும் அவர்தான் முன்னால் நின்றார். வடகோடியில் புதிதாகக் கட்டிய கரையின் மேல் செங்கல் போய்க் கருங்கல் வந்திருந்தது. கரைகாத்தவர் என்று பேர். வருஷா வருஷம் இதே நாளில் பொங்கல், ஒரு கிடா. கீழே கோடிக் கொல்லை முழுக்க ஓடை மணல் மேவிக் கிடந்தது. ஏழு வருஷத்தில் அங்கே எருக்கு மட்டும்தான் முளைத்திருந்தது.

அந்த அம்மா கூட்டத்தோடு சேராமல், மணலில் இறங்கி, கிணறு இருந்த இடத்தில் நின்றது. மகள் வீட்டிலிருந்து ஒவ்வொரு வருஷமும் வருமாம், பொங்கலில் கை வைக்காதாம்.

மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கிடாவைக் கல் முன் நிறுத்தி முதல் குடம் ஊற்றினார்கள். கிடா நின்றது. இரண்டாவது குடம் ஊற்றினார்கள். காது மட்டும் ஒரு பக்கம் சாய்ந்தது. மூன்றாவது குடத்தை மெதுவாக, முதுகெலும்பு வழியாக வழியும்படி ஊற்றினார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட அது கல்லைப் பார்த்து நின்றது. பொங்கல் பானை கொதிக்கும் சத்தம் கேட்டது.

"இந்த வருஷம் மழைக்கு என்ன ஆவப்போவுதோ" என்று ஒரு கிழவர் முனகினார்.

நான் அங்கே நிற்காமல் சரிவில் இறங்கி மணலில் நடந்தேன். அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டது.

"அக்கா, அன்னைக்கு அவரு ஒரு வார்த்தையும் சொல்லல" என்றேன். "மூணு தரம் கேட்டாங்க. குளிர்ல ஒடம்பு நடுங்கிச்சி. அதையே சம்மதம்னு எழுதினேன். அப்புறம் வெட்டறதுக்கு முன்னாடி அவரப் பாத்தேன். இங்கதான், கெணத்தாண்ட, கறவையப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு. நான் மட்டும்தான் பாத்தேன். சொல்லல."

எதை எதிர்பார்த்து நின்றேன் என்று எனக்கே தெரியாது. அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி இது.

"எந்தப் பக்கம் பாத்துக்கினு நின்னாரு?"

"கரையப் பாத்து."

"கறவ?"

"வர மாட்டேன்னு காலை ஊனிக்கிட்டு நின்னுது. அவரு இழுத்துக்கிட்டிருந்தாரு."

"கரைப் பக்கமா இழுத்தாரா?"

"ஆமாக்கா. கரைப் பக்கமா."

அது மணலில் உட்கார்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் மணலை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப வந்துக்கினுதான் இருந்தாரு" என்றது. "ஏழு வருஷமா நான் அவரத் திட்டிக்கினு கெடந்தேன்."

மேலே யாரோ, "இன்னும் ஒண்ணு ஊத்துங்கப்பா, நின்னுக்கினே இருந்தா எப்படி?" என்றார்கள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. உடனே மேளம் எழுந்தது. நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"எழுதிக் குடு" என்றது அந்த அம்மா.

"என்னக்கா?"

"இப்ப சொன்னத. அன்னிக்கி எழுதின அதே கையால எழுதிக் குடு."

பையில் டைரி இருந்தது. மணலில் உட்கார்ந்து முழங்கால் மேல் வைத்து எழுதினேன். இந்தத் தடவை பேனாவால். அவர் பெயர், நிலத்தின் எல்லை, மூன்று முறை கேட்டது, பதில் வராதது, நடுக்கம், நான் எழுதிய பொய், கிணற்றடி, பதினொன்று பத்து, நான் வாய் மூடிய காரணம். படிக்கச் சொன்னது. படித்தேன். நடுக்கம் என்ற இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னது. தாளைக் கிழித்துக் கொடுத்ததும் எட்டாக மடித்து இடுப்புச் சுருக்குப் பைக்குள் வைத்துக் கயிற்றை இழுத்தது.

எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, "அந்தக் கொழந்த நல்லாக்கீதா?" என்றது.

"ரெண்டாவது படிக்கறாக்கா."

சரி என்பது போலத் தலையாட்டிவிட்டு, கரையில் ஏறாமல், ஓடை வழியாகவே செங்கம் ரோட்டைப் பார்த்து நடந்தது. ரோட்டை எட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

அடுத்த திங்கட்கிழமை மனு வாங்கும்போது கதவருகே ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அதற்கடுத்த திங்கட்கிழமையும். அந்த அம்மா வரவில்லை. ரிட்டையர் ஆகும் வரை எல்லாத் திங்கட்கிழமையும் பார்த்தேன். அந்தத் தாளைக் கொண்டு என்ன செய்யும், யாரிடம் காட்டும், காட்டிவிட்டதா, ஒன்றும் தெரியாது. ஊர்க்காரர் ஒருவரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, அது மகள் வீட்டில் திடமாக இருப்பதாகவும், பொங்கலுக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டதாகவும் சொன்னார்.

அந்தத் தாளில் தேதி, நேரம், என் முழுப்பெயர், கையெழுத்து எல்லாம் இருக்கின்றன. இங்கே நான் எழுதாமல் விட்ட வருஷத்தையும் அதில் எழுதியிருக்கிறேன்.